அறுகும் கோரையும் எங்கள் மைதானமும்

1977இல் லெரோய் ஹோம் என்ற அமெரிக்கக் களை ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் உலகின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்தி ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். முதலிடம் கோரைக்கு. இரண்டாமிடம் அறுகுக்கு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் எவரைக் கேட்டாலும் இந்த வரிசையைத் தலையாட்டி ஒப்புக்கொள்வார். வெங்காயப் பாத்திக்குள் அறுகு ஓடிவிட்டால் அதன் வேரைக் கிண்டி எடுக்கிற பாட்டை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அந்த இரண்டாமிடத்துக் களைதான் வெப்ப நாடுகளின் கோல்ஃப் திடல்களில் ராசா. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பேர்ட்டன் என்ற புல்லியல் அறிஞர் எங்கள் அறுகையும் தென்னாபிரிக்காவின் மெல்லிலை அறுகு ஒன்றையும் கலந்து புதிய இனங்களை எடுத்தார். டிஃப்கிறீன் 1956இல் வந்தது, டிஃப்வே 1960இல், டிஃப்டுவார்ஃப் 1965இல். இவை விதை வைக்காத மலட்டு இனங்கள். கொடியைத் துண்டுதுண்டாக நட்டுத்தான் பரப்ப வேண்டும். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுகிற அந்தப் பச்சைத் தளத்தில் இந்த வகைப் புல்லின் குட்டை இனங்களை மூன்று மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டி வைக்கிறார்கள். ஒரு நெல்மணியின் தடிப்பை விட அவ்வளவு கூடுதலில்லை. அந்த உயரத்தில் வெட்டியும் சாகாமல் அடர்ந்து நிற்கிற புல் உலகத்தில் மிகச் சில. அதில் ஒன்று எங்கள் வேலிக்கரையில், கோயில் வீதியில், பிள்ளையாருக்கு ஆய்ந்து வைக்கிற தட்டில் இருக்கிறது என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு.

வலிகாமத்தில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழக மைதானத்தின் புல்லைக் கழகப் பெடியளோடு சேர்ந்து நானும் பார்த்து வருகிறேன். உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் மாறிமாறி நடக்கிற சாதாரண மைதானம். இதற்கு வழிகாட்டி தேடப்போன இடத்தில்தான் கோல்ஃப்காரர்களின் எழுத்துகளை வாசிக்கத் தொடங்கினேன். புல்லை அவர்களைப் போல ஊன்றிக் கவனித்தவர்கள் குறைவு. இலங்கையிலும் அவர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. கொழும்பு றோயல் கோல்ஃப் கழகம் 1879இல் தொடங்கியது, அதன் திடலுக்குள்ளால் களனிவெளி ரெயில் பாதையே போகிறது. நுவரெலியாவில் இன்னொரு பழைய திடல். ஆனால் கொழும்பின் மழையும் நுவரெலியாவின் குளிரும் எங்களுக்கு உதவாது. காலநிலையில் எங்களோடு ஒத்துப்போவது திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை வைத்திருக்கிற திடல்தான். எங்களைப் போலவே வாடை மழையை நம்பியிருக்கிற வறண்ட பக்கம் அது.

அந்த எழுத்துகளை அப்படியே எடுத்து எங்கள் மண்ணில் போட முடியாது. காரணம் அவர்களுடைய நாட்காட்டி பனியை வைத்து எழுதப்பட்டது. ஜோர்ஜியாவில் குளிர் வந்தால் அறுகு பழுத்துத் தூங்கிவிடும், வசந்தத்தில் எழும்பும். மண்ணின் வெப்பம் 13 பாகை செல்சியசை எட்டும் நாளைக் கவனித்து, களை முளைக்குமுன் மருந்து போடு என்பார்கள். எங்கள் மண் மார்கழி விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. இங்கே அறுகைத் தூங்கப்பண்ணுவது குளிர் அல்ல, வறட்சி. எழுப்புவது வெயில் அல்ல, மழை. வருடம் முழுவதற்கும் பெய்கிற 1,200, 1,300 மில்லிமீற்றரில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிந்துவிடும். ஆகவே அவர்கள் வசந்தத்தில் செய் என்று சொல்வதை நாங்கள் புரட்டாசியில் செய்ய வேண்டும். வருடத்தின் முழு வேலையும் இந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

புரட்டாசியில் மைதானத்தைப் பார்த்தால் ஒன்றுமே செய்யத் தோன்றாது. சோளகம் மாதக்கணக்காக அடித்துப் புழுதியை வாரிக்கொண்டு போயிருக்கும். செம்மண் வெறுமையாகச் சுட்டுக்கொண்டிருக்கும். புல் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். புதிதாகக் கழகத்துக்கு வருகிற பெடியள் எல்லாம் செத்துப்போச்சு என்றுதான் சொல்வார்கள். அவர்களை இருத்தி ஒரு கொடியைப் பிடுங்கிக் காட்டுவேன். காய்ந்த இலையை உரித்துவிட்டுக் கணுவில் நகத்தால் ஒரு கீறல் போட்டால் உள்ளே வெள்ளையாக, சிறிது ஈரமாக இருக்கும். அது உயிரோடு இருக்கிற கணு. கபில நிறமாகப் பொடிந்தால்தான் செத்தது. ஒரு பாகத்துக்கு நாலைந்து இடத்தில் இப்படிக் கீறிப் பார்த்தால் மழைக்குப் பிறகு எந்த இடம் தானாக மூடும், எந்த இடத்தில் கொடி நட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மழைக்கு முந்திய வேலையில் முதலாவது செருக்குதல். கோல் வாசல்களிலும் எல்லைக் கோட்டு ஓரங்களிலும் போன வருடத்துக் களைகளின் காய்ந்த கட்டை, சருகு, நெருஞ்சி முள் எல்லாம் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். உழவாரத்தைச் சாய்த்துப் பிடித்து மேல்மண்ணை மெல்லிதாகச் சீவி, கடகத்தில் அள்ளி, ஒரு மூலையில் கிடங்கு வெட்டிப் புதைத்துவிடுகிறோம். எங்கள் ஊரில் கோயில் வீதியைக் காலமெல்லாம் துப்புரவாக வைத்திருக்கிற ஐயா ஒருவர் இருக்கிறார். ஒருமுறை பெடியள் உழவாரத்தை மண்வெட்டி மாதிரிக் கொத்துவதைப் பார்த்துவிட்டு மதிலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார்:

“தம்பியவை, கொத்தாதேங்கோ. கொத்தினால் கீழ கிடக்கிற விதையெல்லாம் மேல வரும். சீவுங்கோ, சீவினால் காணும்.”

புல்லியல் பாடநூல்கள் பக்கக்கணக்காக எழுதுவதும் இதைத்தான். மண்ணுக்குள் ஆழத்தில் கிடக்கிற களை விதைக்கு வெளிச்சம் படாதவரை அது பேசாமல் கிடக்கும். கிளறினால் எழும்பும்.

இரண்டாவது, மண்ணைத் திறந்துவிடுதல். கோல்ஃப் திடல்களில் இதற்கென்று இயந்திரம் வைத்து விரல் தடிப்பில் மண்ணைத் துளைத்துத் துளைத்து எடுப்பார்கள். எங்களிடம் இருப்பது அலவாங்கும் முள்ளும். முதல் மழை ஒன்று விழுந்து மண் இளகியதும் கோல் வாசல், கிரிக்கெட் ஆடுகளத்தின் இரு முனை, ஆட்கள் குறுக்கே நடந்து நடந்து ஒற்றையடிப் பாதையாகிப்போன இடம், இவற்றில் மட்டும் சாண் இடைவெளியில் குத்திவிடுகிறோம். இறுகிய மண்ணில் அறுகின் வேர் இறங்காது. அந்த இடத்தை உடனே பிடிப்பது குரக்கனின் காட்டு உறவான ஒரு புல். தட்டையாக நாலு பக்கமும் விரிந்து, நடு அடி வெள்ளி போல வெளிறிக் கிடக்கும், இழுத்தால் கையறும், வேர் வராது. ஹோமின் பட்டியலில் அதுவும் முதல் ஐந்துக்குள் இருக்கிறது. அந்தப் புல்லைக் கண்ட இடத்தில் களையைப் பற்றி யோசிக்காமல் மண்ணைப் பற்றி யோசிக்க வேண்டும். குத்தித் திறந்துவிட்டால் அடுத்த வருடம் அறுகு அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

துளைகளை மணலால் நிரப்பு என்று எல்லா நூலும் சொல்கிறது. இந்த ஆலோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. எங்களுக்கு மணல் வருவது எங்கிருந்து? மணற்காடு, அம்பன், குடத்தனைப் பக்கத்து மணல்மேடுகளிலிருந்து. அந்த மேடுகள்தான் கடலுக்கும் ஊருக்கும் நடுவில் நிற்கின்றன. ஒரு உதைபந்து மைதானத்துக்காக அவற்றில் ஒரு லோட் குறைவதும் சரியில்லை. மைதானத்தின் ஒதுக்குப்புறத்துச் செம்மண்ணையே அரித்து, நன்றாக உக்கிய எருவோடு கலந்து பரவுகிறோம். உக்கிய என்பது முக்கியம். பச்சைச் சாணியையும் பட்டி எருவையும் அப்படியே கொட்டினால் மாடும் ஆடும் தின்ற களை விதையெல்லாம் அதோடு வந்து சேரும். கும்பியாகக் குவித்து, உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறி, புரட்டி, திரும்பவும் சூடேறி ஆறிய எருவைத்தான் மைதானத்துக்குள் விட வேண்டும்.

முதல் நல்ல மழைக்குப் பிறகு ஒரு கிழமை கழிய மைதானம் பச்சை பிடிக்கும். பார்க்கிறவர்களுக்குப் புல் வந்துவிட்டது என்று சந்தோசம். குனிந்து பார்த்தால் அதில் பாதிக்கு மேல் நெருஞ்சி, மூக்குத்திப் பூண்டு, பார்த்தீனியம். அறுகு கணுவிலிருந்து எழும்ப இன்னும் சில நாள் வேண்டும். விதையிலிருந்து வருகிறவை முந்திக்கொள்கின்றன. களை பிடுங்குகிற வேலை முழுவதும் இந்த இரண்டு மூன்று கிழமைக்குள் முடிய வேண்டும். மண் ஈரம், வேர் பிஞ்சு, பூவில்லை, விதையில்லை. ஒரு ஞாயிறு சிரமதானத்தில் இருபது பேர் வரிசையாகக் குந்தியிருந்து நகர்ந்தால் பாதி மைதானம் முடிந்துவிடும். தைக்குத் தள்ளிப்போட்டால் அதே இருபது பேர் மாதம் முழுக்க வந்தாலும் தீராது.

நெருஞ்சி மஞ்சள் பூப் பூத்துச் சில நாளிலேயே காய் கட்டிவிடும். காய் முற்றி முள்ளானால் ஒவ்வொரு முள்ளுக்குள்ளும் சில விதை இருக்கும், அவை வருடக்கணக்காக மண்ணில் கிடந்து தவணை முறையில் முளைக்கும். எங்கள் சின்னப் பெடியள் பலர் இன்னும் வெறுங்காலோடுதான் பந்தடிக்கிறார்கள். ஆகவே நெருஞ்சியில் எந்த விட்டுக்கொடுப்பும் இல்லை. நடுவில் ஒரே ஆணிவேர்தான். கொடியைச் சுற்றிச் சேர்த்துப் பிடித்து, ஈர மண்ணில் ஒரு இழுவை இழுத்தால் முழுதும் கையோடு வந்துவிடும்.

பார்த்தீனியம் வேறு கதை. அமெரிக்க வெப்ப மண்டலத்துச் செடி. இந்திய அமைதிப்படை ஆடுகளோடு கொண்டுவந்தது என்று ஊரில் சொல்வார்கள், ஆய்வாளர்கள் சிலரும் அப்படித்தான் ஊகிக்கிறார்கள். ஒரு செடி பதினைந்தாயிரம் விதை வரை போடும். தோலில் பட்டால் சொறி, சுவாசித்தால் இழுப்புக்காரருக்கு இழுப்பு. வட மாகாணசபை இருந்த காலத்தில் இதை ஒழிக்க ஒரு பெரிய முயற்சி நடந்தது. தோட்டங்களில் ஓரளவு அடங்கினாலும் மைதானங்களும் தெருவோரங்களும் அதற்குப் புகலிடமாகிவிட்டன. புல்லு வெட்டுகிற மெசினால் இதை அடக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வெட்டினால் அடியில் இருந்து பக்கக் கிளை விட்டு, இன்னும் பதிவாக, விரல் உயரத்திலேயே பூக்கும். கையுறை போட்டு, பூக்குமுன், வேரோடு. வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. அதோடு, வேறு மைதானத்தில் வேலை செய்த மெசினை அப்படியே உள்ளே விடாதீர்கள். தகட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற ஈரப் புல்லோடு விதையும் பயணம் வரும். கோல்ஃப் திடல்களில் மெசினைக் கழுவுவதற்கென்றே ஒரு மேடை வைத்திருப்பார்கள். எங்களுக்கு வாசலில் ஒரு வாளித் தண்ணியும் தும்புக்கட்டையும் போதும்.

இனிக் கோரை. இதில்தான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கோரை புல்லில்லை. தண்டை இரு விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், உருளாது, முக்கோணமாக இடறும். மழை விட்ட மூன்றாம் நாள் அறுகுக்கு மேலால் பளபளவென்று தலையை நீட்டிக்கொண்டு நிற்பதும் அதுதான். இழுத்தால் சுலபமாக வரும், அந்தச் சுலபத்தில்தான் ஏமாற்றம். கையில் வருவது மேல் தளிர் மட்டும். ஒரு சிறு கம்பியால் பக்கத்து மண்ணைக் கிளறிக்கொண்டு கீழே போனால் ஒரு அங்குலத்தில் கறுத்த, தும்பு சுற்றிய, பாக்கை விடச் சிறிய கிழங்கு ஒன்று. அதிலிருந்து நூல் போல ஒரு வேர் போகும். அதைப் பின்தொடர்ந்தால் இன்னொரு கிழங்கு. அதன் பிறகு இன்னொன்று. ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே வெளிறிய நிறம், நல்ல வாசம். இந்த வாசத்துக்காகத்தான் நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கை நலங்கு மாவுக்கு விற்கிறார்கள். சங்கிலியின் தலைக் கிழங்கு உயிரோடு இருக்கும்வரை மற்றவை முளைக்காமல் காத்திருக்கும். மேலே உள்ளதைப் பிடுங்கி எறிந்தால் கீழே தூங்குவதை எழுப்பிவிடுகிறோம்.

பிறகு என்ன செய்வது? கோரையின் பலவீனம் இரண்டு. ஒன்று, அதற்கு நிழல் ஆகாது. அறுகு அடர்ந்து மூடிய இடத்தில் கோரை மெலிந்துபோகும். இன்னொன்று, கிழங்கில் சேர்த்துவைத்த உணவைச் செலவழித்துத்தான் ஒவ்வொரு தளிரையும் அது அனுப்புகிறது. புதிய தளிர் நாலைந்து இலை விட்டபிறகுதான் கிழங்குக்கு மீண்டும் வரவு வரும். ஆகவே வந்த தளிரை அந்த அளவு வளரமுன் எடுத்துவிட வேண்டும். ஐப்பசி முதல் தை வரை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் விடாமல் எடுத்தால் கிழங்கு வறண்டுவிடும். ஒருமுறை விட்டால் செலவழித்ததைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். எங்கள் மைதானத்தின் கிழக்கு மூலையை இப்படியே பெடியள் மீட்டெடுத்தார்கள். வேலை பெரிதல்ல, விடாப்பிடிதான் பெரிது.

அறுகே இல்லாமல் முழுதும் கோரை பிடித்துவிட்ட இடத்துக்கு எங்கள் முன்னோர் வழி ஒன்று இருக்கிறது: கோடை உழவு. கிழங்குகளில் பெரும்பாலானவை ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இருக்கும். வைகாசி, ஆனியில் மண்ணைப் புரட்டி வெயிலில் போட்டால் இரண்டு கிழமையில் கிழங்கு காய்ந்து உயிர் விட்டுவிடும். சோளகக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரேயொரு கட்டுப்பாடு, அந்த நாட்களில் தண்ணி படக்கூடாது. நுவரெலியாக்காரருக்கோ கொழும்புக்காரருக்கோ இப்படி ஒரு மாதக்கணக்கான காய்ச்சல் வெயில் கிடைக்காது. எங்கள் வறட்சி எங்களுக்குத் தருகிற களை நாசினி இது, இதற்குக் காசில்லை.

நிசமான களை நாசினி பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் மைதானம் என்றதும் பலருக்கு முதலில் நினைவு வருவது போத்தல்தான். நாட்டில் இதன் வரலாறு குழப்பமானது. பரகுவாட் படிப்படியாக நிறுத்தப்பட்டது. கிளைபோசேற்றை 2015இல் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2021இல் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதி முழுவதையுமே நிறுத்திவிட்டு அதே வருடம் கார்த்திகையில் பின்வாங்கினார்கள். சட்டம் எப்படி இருந்தாலும் மைதானத்துக்கு கிளைபோசேற் உதவாது. அது பச்சையாக நிற்பதையெல்லாம் கொல்லும், அறுகையும் சேர்த்து. வெறுமையான இடத்தில் முதலில் முளைப்பது எது என்று மேலே சொல்லிவிட்டேன்.

அகன்ற இலைக் களையை மட்டும் கொல்லும் மருந்துகளும் உண்டு. புல்லுக்கு ஒன்றும் செய்யாது என்று கடையில் சொல்வார்கள், அது உண்மையும்தான். ஆனால் எங்கள் மைதானங்களுக்கு மதில் ஒரு பக்கம், மறுபக்கம் தோட்டம். அந்த வகை மருந்தின் ஆவி பட்டாலே இலை சுருண்டுவிடுகிற பயிர்களில் முந்திரிகையும் புகையிலையும் தக்காளியும் முன்னுக்கு நிற்கின்றன. சோளகம் அடிக்கிற நாளில் மைதானத்தில் அடித்த மருந்து அடுத்த காணி முந்திரிகைப் பந்தலில் போய் இறங்கும். ஒரு குடும்பத்தின் வருட வருமானம் அந்தப் பந்தல். கோல்ஃப் திடலுக்குச் சுற்றிலும் மரமும் ஏக்கர்க்கணக்கில் வெறும் நிலமும் இருக்கும். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

இதைவிடப் பெரிய காரணம் கீழே இருக்கிறது. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. நாங்கள் குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத் தண்ணி. அந்தக் கல் ஓட்டையும் வெடிப்புமாக இருக்கிறது. செம்மண்ணில் கரைந்த எதுவும் வடிகட்டப்படாமல் கிணற்றுக்குப் போய்ச் சேரும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பச்சைக் குழந்தைக்கு அது ஆபத்து. தோட்டக்காரருக்காவது யூரியா போடாவிட்டால் பிழைப்பில்லை. விளையாட்டுக்காக அதே கிணற்றில் இன்னொரு பிடி யூரியாவைச் சேர்ப்பதற்கு எனக்கு மனம் வராது. அதற்குத் தேவையும் இல்லை. வெட்டிய புல்லை வாரி வெளியே கொட்டாமல் மைதானத்திலேயே விட்டால் புல்லுக்கு வேண்டிய நைத்திரசனில் கால்பங்கு வரை திரும்பிக் கிடைத்துவிடும். மிச்சத்துக்கு உக்கிய எரு. கடும் மழை நாட்களில் பசளை எதுவும் போடுவதில்லை, போட்டால் அது புல்லுக்கல்ல, கிணற்றுக்கு.

வெட்டுவது பற்றிச் சுருக்கமாக. கார்த்திகை, மார்கழியில் பத்து நாளுக்கு ஒருமுறை. நிற்கிற உயரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது. உதைபந்துக்கு இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர் உயரம் போதும். தோளில் மாட்டுகிற நைலோன் நூல் மெசின் ஓரங்களுக்குத்தான் நல்லது, நடு மைதானத்தில் அது மேடு பள்ளமாகச் சுரண்டிவிடும். வாடை தணிந்து தை பிறக்கும்போது மைதானம் அதன் முழு அழகில் இருக்கும். வடக்கில் பெரிய கிரிக்கெட் போட்டிகளின் காலம் வருவது அதற்குப் பிறகு. 1904இல் தொடங்கிய சென் ஜோன்ஸ், யாழ் மத்திய கல்லூரி மோதல் பங்குனி மாதத்தில் நடக்கிறது, அப்போது மண் ஏற்கெனவே காயத் தொடங்கிவிடும். தையில் கடைசித் தரம் வெட்டிவிட்டு மாசியில் உயரத்தை ஒரு விரல் கூட்டி விட்டால் வேர் ஆழமாக இறங்கும், பங்குனி வெயிலில் பச்சை சில கிழமை கூட நிற்கும். மாசியில் மொட்டையடித்த மைதானம் பங்குனியில் புழுதி பறக்கும்.

சித்திரையில் ஒரு சிறுமழை விழும். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு அறுகை அதன் பாட்டில் விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் வாதம், அதைக் கழகக் கூட்டங்களில் வருடா வருடம் சொல்லி வருகிறேன். ஆனியில் யாராவது ஒருவர் நல்ல எண்ணத்தோடு, குழாய்க்கிணறு அடித்து நீர் தெளிப்பான் போடுவோம், வெளிநாட்டுப் பெடியள் காசு தருவாங்கள் என்று எழும்புவார். கணக்கைப் பார்ப்போம். ஒரு உதைபந்து மைதானம் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம், கிட்டத்தட்ட 7,000 சதுர மீற்றர். கோடையில் பச்சையாக நிற்க நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் தண்ணி என்றால் 35,000 லீற்றர். ஒரு நாளைக்கு. கட்டாரில் 2022 உலகக் கிண்ணத்துக்கு ஒவ்வொரு மைதானத்துக்கும் கோடையில் நாளுக்கு 50,000 லீற்றர் இறைத்தார்கள், அது கடலைச் சுத்திகரித்த தண்ணி. எங்களுக்கு அந்த 35,000 லீற்றர் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கீழேயிருந்து வர வேண்டும். புத்தூருக்குக் கிட்ட நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே நல்ல தண்ணி, கீழே போகப் போக உப்பு. குடாநாடு முழுவதும் கீழே அப்படித்தான் இருக்கிறது. மேலே உள்ளதை அள்ளினால் கீழே உள்ளது ஏறும். ஏறிய உப்பு மழை வந்தாலும் லேசில் இறங்காது. புல்லோ காத்திருக்கத் தெரிந்த புல். அதன் தூக்கத்தைக் கலைக்க ஊரின் தண்ணியைச் செலவழிக்கத் தேவையில்லை.

அவ்வப்போது பேச்சு வரும், யாழ்ப்பாணத்திலும் ஒரு கோல்ஃப் திடல் போட்டால் சுற்றுலா வளரும் என்று. கோல்ஃப்காரரிடம் நான் கற்றது நிறைய, அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன்: இங்கே வேண்டாம். பதினெட்டுக் குழித் திடல் ஒன்றில் தண்ணி விட வேண்டிய பரப்பை 30 ஹெக்டேயர் என்று வைத்தாலே நாளுக்கு 15 இலட்சம் லீற்றர், 1,500 கன மீற்றர். 2024இல் தாளையடியில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் முழுக் கொள்ளளவே நாளுக்கு 24,000 கன மீற்றர். குடாநாட்டுக்குக் குடிக்கவென்று கட்டியதில் பதினாறில் ஒன்றை ஒரே திடல் குடித்துவிடும்.

மண்டைதீவுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். அங்கே சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி சனாதிபதி அடிக்கல் நாட்டினார். கிரிக்கெட்டை நேசிக்கிற எல்லாரையும் போல எனக்கும் அதில் ஆசை இருக்கிறது. ஆனால் தீவகத்தின் நன்னீர் உப்புத் தண்ணிக்கு மேல் மிதக்கிற மெல்லிய படை. எந்தப் புல், எந்தத் தண்ணி என்பதை முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். உப்புக்கு ஈடு கொடுக்கிற கடற்கரைப் பஸ்பாலம் என்ற புல் உலகத்தில் நன்றாகப் பெயர் எடுத்திருக்கிறது. அமெரிக்காவின் கியாவா தீவுக் கோல்ஃப் திடலில் 2012இலும் 2021இலும் பெரிய போட்டிகள் அதன் மேல்தான் நடந்தன, கட்டார் உலகக் கிண்ணமும் அந்தப் புல்லில்தான். இலங்கைக் கரையோரத்து உவர்நிலங்களில் அந்தப் புல் இயற்கையாகவே வளர்கிறது. ஆனால் உப்பைத் தாங்குகிற புல் என்றால் தண்ணியே வேண்டாத புல் என்று அர்த்தமில்லை. கூரையிலும் பார்வையாளர் மேடையிலும் விழுகிற மாரி மழை முழுவதையும் தேக்கி வைக்கிற தொட்டியும், பாவித்த தண்ணியைத் திருப்பி எடுக்கிற ஏற்பாடும் புல்லுக்கு முன்னம் வர வேண்டும். தீவுக் கிணறுகளில் ஒரு வாளியும் அந்த மைதானத்துக்குப் போகக்கூடாது.

இந்த வருடம் எங்கள் மைதானத்தில் மேற்குக் கோல் வாசலைத்தான் திருத்தப்போகிறோம். அங்கே கீறிப் பார்த்த கணுக்களில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. முதல் மழை விழுந்ததும் அலவாங்கால் குத்தி, கோயில் தெற்கு வீதியில் அடர்ந்து கிடக்கிற அறுகிலிருந்து மூன்று கணுவுள்ள துண்டுகளாகக் கொடி எடுத்து, ஒரு கணு மண்ணுக்கு வெளியே நிற்கிற மாதிரிச் சாண் இடைவெளியில் நட வேண்டும். எடுக்கும்போது கோரைக்கிழங்கு ஒன்றும் கூட வராமல் ஒவ்வொரு துண்டையும் தண்ணியில் அலசித்தான் நடுவோம். தை வரைக்கும் அந்தக் கோலில் ஆட்டமில்லை, கிழக்குக் கோலில் மட்டும் பயிற்சி. பெடியள் சம்மதித்துவிட்டார்கள்.